சமாதானத்துக்கு நேர்ந்த கூந்தல்

கட்டிலுக்குக் கீழே

சமாதானம் வந்த அன்று நான் கட்டிலுக்குக் கீழே படுத்து அழுதுகொண்டிருந்தேன்.

கட்டிலுக்குக் கீழே படுப்பது எங்கள் வீட்டில் புதினமான காரியம் அல்ல. துறைமுகப் பக்கம் சத்தம் கேட்டால் அம்மா முதலில் அடுப்பை அணைப்பார். பிறகு என்னைப் பிடித்து உள்ளே தள்ளுவார். அன்றும் படபடவென்று சத்தம் கேட்டது. எங்கள் ஒழுங்கைத் தெரு முழுவதும் வழக்கம்போல நிலத்தில் விழுந்து படுத்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சீனவெடி என்று விளங்கியது. இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்துவிட்டதாக வானொலி சொன்னதும், முன்வீட்டுச் சண்முகத்தார் தன் அலுமாரியைத் திறந்து, எந்தக் காலத்துத் தீபாவளிக்கோ வாங்கிக் கொளுத்த முடியாமல் வைத்திருந்த வெடிக்கட்டைப் பற்றவைத்திருக்கிறார். பாதி வெடித்தது, மீதி புகைந்தது. ஆட்கள் எழும்பிச் சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அசடு வழியச் சிரித்தார்கள்.

நான் மட்டும் எழும்பவில்லை. வெடி முடிந்ததும் சண்முகத்தார் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வருவார், வந்து என் தலைமுடியைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பதினைந்து வயது. முடி இடுப்பைத் தொட்டிருந்தது. ஊர்க் கணக்கில் நான் பையன்.

நாட்டில் சமாதானம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவர்கள் வேறும் பலர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அதில் ஏதோ ஒரு வரும்படி இருந்தது. எனக்குக் கூந்தல் மட்டும்தான்.

ஹோட்டலில் ஒரு படிக்கட்டு

சென்ற வாரம் இந்தத் தொடரில் மண்ணெண்ணெய் வரிசையைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு ஓர் அன்பர், "பழங்கதை போதும், உங்களைப் பெற்றவர்கள் உங்களை எப்படி வைத்திருந்தார்கள் என்று எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். கேட்டது நல்லது. இதே கேள்வியை அண்மையில் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலிலும் கேட்டார்கள்.

அது ஒரு பயிற்சிப் பட்டறை. பாலின மனவுளைச்சல் உள்ள பிள்ளைகளின் பராமரிப்பில் பெற்றோரின் பங்கு என்பது தலைப்பு. பெற்றோர் ஒருவரும் வரவில்லை. வந்திருந்தவர்கள் எல்லாரும் பங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள். குளிரூட்டி போட்ட அறையில், திரையில் ஒரு படிக்கட்டுப் படம் காட்டினார்கள். அடிப்படியில் மறுப்பு, மேல்படியில் ஏற்றுக்கொள்ளல். நடுவில் இருந்த படிகளின் பெயரை மத்தியானச் சாப்பாட்டு இறால் பொரியல் மறக்கடித்துவிட்டது.

கொழும்பிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, நல்ல பிள்ளை, மைக்கை என் பக்கம் நீட்டி, "அக்கா, உங்கட அம்மா அப்பா எந்தப் படியில நிண்டவை?" என்று கேட்டது.

நான் யோசித்தேன். என் அம்மா படியில் ஏறவே இல்லை. அவர் பின்வேலியால் புகுந்து வீட்டுக்குள் வந்துவிட்டார். அப்பா அடிப்படியில் நெடுங்காலம் குந்தியிருந்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எல்லாப் படியையும் ஒரே தாவாகத் தாவினார். இதை மைக்கில் சொன்னால் தேநீர் இடைவேளை தவறிப் போகும் என்பதால், "நல்லவை தங்கச்சி" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஒழுங்கையின் வைத்தியம்

அப்பாவுக்கு மூதூர் லோஞ்சில் இன்ஜின் வேலை. காலையில் திருகோணமலை இறங்குதுறையில் ஏறினால் குடாவைக் குறுக்கே கடந்து மூதூர், திரும்ப இங்கே, திரும்ப அங்கே. கடற்படை விட்டால் லோஞ்ச் ஓடும், விடாவிட்டால் அப்பா வீட்டில் இருப்பார். அதிகம் பேசமாட்டார். இன்ஜின் சத்தத்துக்குள் இருபது வருடம் இருந்த மனிதர் வெளியில் வந்தும் என்ன பேசுவது.

அவரிடம் அழகென்று ஒன்று இருந்தால் அது மீசை. தலைமுடி என்னைப் பெற்ற காலத்திலேயே விடைபெறத் தொடங்கிவிட்டது. மீசை மட்டும் நின்றது, நன்றாகவே நின்றது. அதற்கென்று சேட்டுப் பையில் ஒரு குட்டிச் சீப்பு வைத்திருந்தார். அவர் என்னைத் தூக்கினால் அந்த மீசையில் டீசல் மணக்கும். எனக்கு இன்றைக்கும் டீசல் மணம் பிடிக்கும்.

நான் பெண்பிள்ளை என்பது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்கிறார்கள். மற்றவர்களுக்குத் தங்களைப் பற்றி எப்போது தெரிந்ததோ அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. அம்மாவிடம் ஆறு வயதில் சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "ஓம், ஓம், பூனை வருது, கலைச்சு விடு" என்றார்.

முடி வெட்டும் நாள்தான் எனக்குக் கண்டம். சலூன் தங்கராசா அண்ணனின் உயரக் கதிரையில் பலகை போட்டு என்னை இருத்துவார்கள். கண்ணாடியில் முடி குறையக் குறைய, அங்கே இருக்கிற பையன் யார் என்று எனக்கு விளங்காது. பத்து வயதில் ஒருமுறை பாதி வெட்டில் துண்டோடு பாய்ந்து ஓடி, கடற்கரை வள்ளத்துக்குள் ஒளிந்துகொண்டேன். பிடித்து வந்து மீதியை வெட்டினார்கள். அதன் பிறகு நான் சாப்பிடவில்லை. அடம் அல்ல. சோறு உள்ளே போகவில்லை. அம்மா பிசைந்து ஊட்ட, அது வாயிலேயே நின்றது. அம்மா பயந்துபோனார்.

சண்முகத்தாரை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். அவர் இளைப்பாறிய தபாலதிபர். ஒழுங்கையில் எத்தனை சங்கங்கள் உண்டோ அத்தனைக்கும் தலைவர். பிள்ளையார் கோயில் தலைவர், வாசிகசாலைத் தலைவர், மரணச் சகாய நிதித் தலைவர். யார் வீட்டில் என்ன வருத்தம் என்றாலும் மருந்து சொல்லுவார். அந்தக் காலத்தில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான், ஹோட்டலும் இறாலும் இல்லாமல்.

"பொடியன் தாயின்ர சீலைக்குள்ளயே வளருறான்" என்று அப்பாவிடம் சொன்னார். "பச்சை முட்டை குடுங்கோ. கடலில நீந்த விடுங்கோ. லோஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இரும்புச் சாமான் தூக்கினா எல்லாம் சரிவரும்."

அப்பா சொன்னபடி செய்தார். பச்சை முட்டை குடித்து வாந்தி எடுத்தேன். நீந்தினேன், நன்றாகவே நீந்தினேன், ஆனால் நீந்துகிற பெண்பிள்ளையாகத்தான் கரைக்கு வந்தேன். லோஞ்சில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். "கெட்டிக்காரன்" என்று அப்பா தட்டிக்கொடுத்தார். தட்டியதில் அன்பு இருந்தது, சொல்லில் நான் இல்லை.

அம்மா வைத்த நேர்த்தி

முடி மீண்டும் காதுக்குக் கீழே இறங்கிய ஒரு நாள், சண்முகத்தார் தங்கராசா அண்ணனை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். சலூனிலிருந்து ஓடுகிறவன் வீட்டிலிருந்து எங்கே ஓடுவான் என்பது திட்டம். கத்தரிக்கோலைக் கண்டதும் நான் குசினிக்குள் போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

"வெட்ட ஏலாது அண்ணை. நேர்த்தி வைச்சிட்டன்" என்றார்.

எங்கள் ஊரில் நேர்த்தி என்றால் அதற்கு மேல் கதை இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் மாறினால் முடி இறக்குகிறேன், போன மகன் திரும்பி வந்தால் காவடி எடுப்பிக்கிறேன் என்று சாமியிடம் ஒப்புக்கொண்டால், அது நிறைவேறும்வரை அந்த முடியில் மனிதர் கைவைக்க முடியாது. பள்ளிக்கூட அதிபருக்கும் அதிகாரம் இல்லை, இராணுவத்துக்கும் இல்லை.

சண்முகத்தார் கோயில் தலைவர். அவர் விடுவாரா.

"என்ன நேர்த்தி பிள்ளை?"

அந்த நேரம் பார்த்து வானத்தில் ஒரு ஹெலிகொப்டர் போனது. அம்மா அதை அண்ணாந்து பார்த்தார்.

"நாட்டில சமாதானம் வரவேணும் எண்டு. வந்தா பிள்ளையாருக்கு முடி இறக்கிறது."

சண்முகத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒழுங்கையில் எத்தனையோ பேர் தங்கள் தங்கள் வீட்டுக்காக நேர்ந்தார்கள், நாட்டுக்காக நேர்ந்தது இந்த ஒருத்திதான் என்று அன்று பின்னேரமே கோயிலில் அறிவித்தார்.

தங்கராசா அண்ணன் போனதும் அப்பா மெல்லக் கேட்டார்: "இஞ்சாரும், பிள்ளையாரின்ர பேரிலயோ பொய் சொல்லுறது?"

"பொய்யில்லை. வாயால சொன்ன உடன மனசுக்குள்ளயும் வைச்சிட்டன்."

"வந்தா என்ன செய்யிறது?"

"என்ன வந்தா?"

"சமாதானம்."

அம்மா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு விசரே?" என்று கேட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போனார். அம்மா கெட்டித்தனமாக, வரவே வராத ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார்.

பொதுச் சொத்து

அன்றிலிருந்து என் தலை ஒழுங்கையின் பொதுச் சொத்தாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விலை ஏறிய காலத்திலும் அயலுக்குள் யாராவது ஒருவர் போத்தலில் கொஞ்சம் கொண்டுவந்து, "சமாதானத்துக்கு" என்று சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். பேன் பார்த்துவிடக் கிழவிகள் வந்தார்கள். பேச்சுவார்த்தை நடக்கப்போகிறது என்று செய்தி வந்தால் என் முடியின் நீளத்தைப் பார்ப்பார்கள். பேச்சு முறிந்தால், "நல்லா வளரட்டும்" என்று ஆறுதல் சொல்லுவார்கள். பள்ளிக்கூடத்தில் குடுமி கட்டிக்கொண்டு போனேன். பையன்கள் என்னை ஐயர் என்று கூப்பிட்டார்கள். நான் கேட்டிருக்கக்கூடிய மற்றப் பெயர்களை நினைத்தால் ஐயர் எவ்வளவோ மேல்.

ஊரடங்குச் சட்டம் போட்டால் எல்லாரும் திட்டுவார்கள். எனக்கு அது விடுதலை. பகல் முழுவதும் படலை பூட்டியிருக்கும், சண்முகத்தாராலும் வர முடியாது. அம்மா தன் பழைய சீலையில் எனக்கு ஒரு பாவாடை தைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு குசினியில் வெங்காயம் உரிப்பேன். அப்போது அம்மா என்னை மாலினி என்று கூப்பிடுவார், குரலைத் தாழ்த்தி.

அந்தப் பெயர் நான் பிறக்கமுன்னே எடுத்து வைத்திருந்த பெயர். பெண்பிள்ளைதான் என்று அப்பா அடித்துச் சொன்னாராம். பிறந்ததும் மருத்துவிச்சி மாற்றிச் சொன்னதால் வேறொரு பெயர் வைத்தார்கள். அந்தப் பழைய பெயரை இந்தத் தொடரில் நான் எழுதமாட்டேன். அது நல்ல பெயர்தான், யாராவது ஒரு பையனுக்கு உதவட்டும்.

ஊரடங்கு நாளில் அப்பாவும் வீட்டில்தான் இருப்பார். பாவாடையைப் பார்ப்பார், பார்க்காததுபோல வானொலியைத் திருகுவார். மாலினி என்ற பெயர் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

இரண்டு வரிசை

இறங்குதுறையில் சோதனை. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்கள் வரிசை ஒரு சாக்குத் திரை மறைப்புக்குள் போகும். மூதூரில் இருந்த பெரியம்மாவைப் பார்க்க நாங்கள் மூவரும் போன ஒரு நாள், சைக்கிள்காரர், மீன்பெட்டிக்காரர், கிண்ணியாவுக்குத் திரும்புகிற வியாபாரிகள் என்று ஒரே நெரிசல். கழுத்தில் வெயில் படாமல் நான் குடுமியை அவிழ்த்து விட்டிருந்தேன்.

நான் அப்பாவுக்குப் பின்னால் ஆண்கள் வரிசையில் நின்றேன். துவக்கோடு நின்ற சிப்பாய் என்னைப் பார்த்தான், முகம் சுளித்தான், துவக்கின் நுனியால் மற்ற வரிசையைக் காட்டினான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். விளக்கம் சொல்லப்போனால் விளக்கம் கேட்கிற இடமா அது. அம்மா வந்து என் கையைப் பிடித்துத் தன் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

திரைக்குப் பின்னால் ஒரு சிப்பாய்ப் பெண் என் பையைத் திறந்து பார்த்தாள். மூடிக் கொடுத்துவிட்டு என் தலையை ஒருமுறை தடவி, "கொண்டே லஸ்ஸனய்" என்றாள். கூந்தல் அழகாம். இந்த நாட்டில் என்னைச் சரியான வரிசையில் விட்ட முதல் அதிகாரி அவள்தான். எந்தத் தரப்பு என்று பார்க்காமல் அவளுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

லோஞ்ச் புறப்பட்டது. குடாவின் நடுவில் காற்று. அப்பா இன்ஜின் அறையிலிருந்து தலையை நீட்டி என்னை நெடுநேரம் பார்த்தார். ஏச்சு வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அங்கால வரிசை கெதியாப் போச்சு, என்ன?" என்றார்.

"ஓம் அப்பா."

பெண்கள் வரிசை வேகமாகப் போனதைப் பற்றி அவ்வளவுதான் பேச்சு. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஆனால் அடிப்படியை விட்டு அவர் எழும்பவில்லை. எனக்குப் பதின்மூன்று வயதானபோது சண்முகத்தார் புதிய மருந்து சொன்னார். முடி நேர்த்திக்கு உரியது, அது கிடக்கட்டும். மீசையை வரவழைத்துவிட்டால் மனம் தானாகத் திரும்பும். வராத மீசையை வழித்துக்கொண்டே இருந்தால் வரும். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கிணற்றடியில் இருத்தி, சவர்க்காரம் பூசி, தன் சவரக் கத்தியால் என் மேலுதட்டை வழித்தார். எனக்கு வலிக்கவில்லை. முடித்துவிட்டு, "இனி என்னைப்போல வரும்" என்று ஆசையாகச் சொன்னார். நான் அவர் மீசையைப் பார்த்துக்கொண்டு அழுதேன். எனக்குப் பிடித்த மீசை என் முகத்தில் வரப்போகிறது என்பதைப்போல ஒரு பயம் எனக்கு அதுவரை வந்ததில்லை, ஷெல்லடி உட்பட.

அதே வருடம் குரலும் உடையத் தொடங்கியது. நான் பேச்சை நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தில் தொண்டை நோவு என்றார்கள். கிழமைக்கணக்காகத் தலையாட்டியே காலம் ஓடியது. ஒரு மத்தியானம் அம்மா என் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் ராசாத்தி கதைக்கிறாயில்லை?"

நான் குசுகுசுத்தேன். "கதைச்சா வேற ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்கு அம்மா. எனக்கு அந்தக் குரல் வேண்டாம்."

அம்மாவின் கை நின்றது. கதவுக்கு அப்பால் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சோற்றுக் கோப்பையிலும் சத்தம் நின்றது. பிறகு அவர் எழும்பிக் கையைக் கழுவினார். பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

மறுநாளிலிருந்து சவரக் கத்தி அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. முட்டையும் நின்றது. சண்முகத்தார் மருந்து கேட்டபோது, "இப்ப ஒண்டும் குடுக்கிறேல்லை" என்று மட்டும் அப்பா சொன்னாராம்.

பிள்ளையார் கேட்டுவிட்டார்

இப்போது கட்டிலுக்குக் கீழே திரும்பலாம்.

எதிர்பார்த்தபடி படலை திறந்தது. "பிள்ளை, உன்ர நேர்த்தியைப் பிள்ளையார் கேட்டுப்போட்டார்" என்று சண்முகத்தார் முற்றத்தில் நின்று அம்மாவுக்கு அறிவித்தார். வருகிற வெள்ளிக்கிழமை முடி இறக்குகிறோம், பொங்கல், ஒலிபெருக்கி, எல்லாம் தன் பொறுப்பு. நாட்டிலே கையெழுத்து வைத்தவர்கள் அறியமாட்டார்கள், இந்தச் சமாதானம் எங்கே விளைந்ததென்று.

அம்மாவுக்கு முதல் தடவையாக வாயில் பொய் வரவில்லை. "ஓம் அண்ணை" என்றார். சாமியை வைத்துக் கட்டிய வேலியை மனிதர் எப்படிப் பிரிப்பது.

அப்பா வேலை முடிந்து வந்தார். குசினியில் அம்மாவோடு ஏதோ பேச்சுக் கேட்டது. பிறகு அவர் கட்டிலடிக்கு வந்து நிலத்தில் இருந்தார். அவருடைய கால் மட்டும் எனக்குத் தெரிந்தது.

"வெட்டினா உனக்கு என்ன செய்யும்?" என்று கேட்டார்.

யாரும் என்னிடம் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. நான் பேசவே வெறுத்த குரலில் பதில் சொன்னேன்.

"நான் இல்லாமப் போயிடுவன் அப்பா."

"வெளியில வா. தலைக்கு எண்ணெய் வை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அதை நான் சரியென்ற உத்தரவாகத்தான் எடுத்துக்கொண்டேன், முடி போகப்போகிற தலைக்குக் கடைசி எண்ணெய்.

பெயரும் நட்சத்திரமும்

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா என்னை முழுகவைத்துப் பின்னிவிட்டார். பின்னல் கோணல்மாணலாக வந்தது, கண்ணீரில் அவருக்குக் கண் தெரியவில்லை. அப்பா முன்னால் நடந்தார்.

கோயில் வீதியில் ஒழுங்கை முழுவதும் நின்றது. கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு மான்கள் வாழைமரத் தோரணத்தில் பாதியைத் தின்றுவிட்டிருந்தன. அவற்றுக்கும் சமாதானம். தங்கராசா அண்ணன் பலகை போட்டு, கத்தியைத் தண்ணீரில் நனைத்து வைத்திருந்தார். சண்முகத்தார் மைக்கைப் பிடித்து, தியாகத்தைப் பற்றிப் பேசினார். மைக் அவருடையது என்பதால் பேச்சு நீண்டது. பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது, கோயில் ஐயர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையை இருத்துங்கோ" என்றார் சண்முகத்தார் கடைசியாக.

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். அப்போது அப்பா சேட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். பையிலிருந்த குட்டிச் சீப்பு கீழே விழுந்தது. அவர் போய்ப் பலகையில் சம்மணம் கட்டி இருந்தார்.

"எடு தங்கராசா."

தங்கராசா அண்ணன் விளங்காமல் நின்றார். சண்முகத்தார் மைக்கோடு கிட்ட வந்தார். "என்ன தம்பி இது? பிள்ளையின்ர முடியெல்லே நேர்ந்தது?"

"நேர்ந்தது நாங்கள். பிள்ளையை ஒருத்தரும் கேக்கேல்லை. கடன் எங்கட."

"அது சாத்திரமில்லை."

எல்லாரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் பொங்கல் பானையைப் பார்த்தார். "தகப்பன் குடுத்தாலும் பிள்ளையாருக்கு ஒண்டுதான்" என்றார். அறிவுள்ள மனிதர்.

சண்முகத்தார் விடவில்லை. அப்பாவின் தலையைக் குனிந்து ஆராய்ந்தார். "இதில என்ன கிடக்குது குடுக்க? இடுப்பளவு கூந்தலுக்கு இந்த நாலு மயிரோ?"

ஒலிபெருக்கியில் அது கேட்டுச் சனம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, மீசையை ஒருமுறை இரண்டு பக்கமும் தடவினார்.

"இதையும் எடு" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. தங்கராசா அண்ணன், "அண்ணை, மீசையையோ?" என்று இரண்டு தரம் கேட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார். கத்தி போகப் போக, நான் பிறந்ததிலிருந்து பார்த்த முகம் போய், எனக்குத் தெரியாத ஒரு மெல்லிய உதடு வந்தது. அது என்னுடைய உதடு மாதிரியே இருந்தது. நான் அழத் தொடங்கினேன், அம்மாவும் அழுதார்.

பிறகு அர்ச்சனை. சண்முகத்தார் மைக்கை ஐயருக்கு முன்னால் பிடித்திருந்தார். ஐயர் பூவைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்.

"ஆற்ற பேருக்கு? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

அப்பா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, வெறும் மேலுதட்டோடு நின்றார்.

"மாலினி" என்றார். "உத்தரட்டாதி."

அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் ஏறி ஒழுங்கை கடந்து, வீடுகளுக்கு மேலால் துறைமுகப் பக்கம் போனது. ஐயர் கை அந்தரத்தில் நின்றது.

"மாலினி ஆர்?"

"என்ர மகள்" என்றார் அப்பா. கையை நீட்டி என்னைக் காட்டினார். "அந்தா நிக்கிறா."

சண்முகத்தார் மைக்கை நிறுத்தும் பொத்தானைத் தேடினார், அவசரத்தில் அகப்படவில்லை. ஐயர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஆறிப்போன பொங்கலையும் ஒருமுறை பார்த்தார். பிறகு உத்தரட்டாதி நட்சத்திரத்தில் பிறந்த மாலினி பேருக்கு அர்ச்சனையைத் தொடங்கினார்.

திருப்பிக் கேட்காதது

அதன் பிறகு ஒழுங்கை எங்களைத் தூக்கிக் கொண்டாடியது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய்ப் போத்தல்கள் வருவது நின்றது. கிழவிகளும் வரவில்லை. சண்முகத்தார் நெடுநாள் எங்கள் படலையைக் கடந்துபோகும்போது குடையைத் தாழ்த்திப் பிடித்தார். லோஞ்சில் அப்பாவை மொட்டை என்றும் வேறு சிலதும் சொன்னார்கள். அவர் இன்ஜினைக் கொஞ்சம் கூட்டி முறுக்கிவிடுவார், ஒன்றும் கேட்காது. பள்ளிக்கூடத்தில் நேர்த்தி முடிந்துவிட்டதே, முடி எதற்கு என்று அதிபர் கேட்டபோது, அம்மா புதிதாக ஒரு நேர்த்தியும் வைக்கவில்லை. "அவவுக்கு அது வேணும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் படிக்கவில்லை. அது வேறு கதை.

சமாதானமும் நிலைக்கவில்லை, அது உங்களுக்குத் தெரியும். சில வருடங்களில் மறுபடி குடாவுக்குக் குறுக்கே ஷெல் பறந்தது, மூதூர்ச் சனம் பையும் பிள்ளையுமாக ஓடியது. ஒரு காலை, இறங்குதுறைக்குப் போகும் வழியில் சண்முகத்தார் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். மனிதருக்கு வயதாகிவிட்டது. கோபமும் தேய்ந்திருந்தது. நான் அப்பாவுக்குப் பக்கத்தில் சீலை உடுத்து நின்றேன்.

"தம்பி, சமாதானம் முறிஞ்சு போச்சு" என்றார் அவர். "நேர்த்தியும் செல்லாது. இனி மீசையை வளர விடலாம்தானே?"

அப்பா தன் மேலுதட்டைத் தடவினார். அன்றைக்கும் காலையில் வழித்திருந்தார், அதற்குப் பிறகு சாகும்வரை ஒவ்வொரு காலையும் வழித்தார்.

"முறிஞ்சது நாட்டுக்குத்தானே அண்ணை" என்றார். "எனக்கு வரவேண்டியது வந்திட்டுது."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "வா பிள்ளை, லோஞ்சுக்கு நேரமாகுது" என்று முன்னால் நடந்தார்.